கம்பியைக் கழற்றினால் ஜீப் பாறை ஏறும்... வளைவில் என்ன ஆகும்? - மேக்கரை தோப்பிலிருந்து புளியரை வரை ஒரு பயணம்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசியில் சொந்தக்காரர்கள் இருக்கும் எல்லோருக்கும் திடீரென்று அவர்கள் மேல் பாசம் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான். பெரியம்மா வீட்டுக்குப் போய் இறங்கியபோது, வாசலில் அண்ணனின் மஹிந்திரா தார் நின்றது. அதன் அடியில் அண்ணன் மல்லாந்து படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"என்னண்ணே, ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல. ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழத்துதேன். நாளைக்குத் தோப்புக்குப் போறோம்லா... பாரு, வண்டி எப்படி ஏறுதுன்னு!"

தோப்பு இருப்பது மேக்கரையில். பண்பொழி, வடகரை தாண்டி, அடவிநயினார் அணைக்குப் போகிற வழியில் மலையடிவாரத்தில் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து பிரிந்து தோப்புக்குள் போகிற பாதையில் ஓர் ஓடை குறுக்கிடும். உருண்டைக் கற்கள், நடுவே பள்ளம். போன தடவை அங்கே அண்ணனின் வண்டி மாட்டிக்கொண்டது. முன் சக்கரம் கல்மேல் ஏறியதும், பின்னால் ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கி, அந்தரத்தில் சும்மா சுற்றியது. யூடியூபில் தேடிய அண்ணனுக்கு, "ஸ்வே பார் டிஸ்கனெக்ட் செய்யுங்கள், பாறையில் வண்டி பல்லி மாதிரி ஒட்டும்" என்கிற ரீதியில் நிறைய வீடியோக்கள் கிடைத்திருக்கின்றன. அதனால்தான் இந்த மல்லாந்த கோலம்.

மறுநாள் ஓடையைக் கடந்தோம். அண்ணன் சொன்னது பொய்யில்லை. போன தடவை திணறிய இடத்தில் வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. அண்ணன் முகத்தில் ஒலிம்பிக் மெடல் வாங்கிய களை! தோப்பில் இளநீர் குடித்துவிட்டு, "அப்படியே தென்மலை டேமையும் பாத்துட்டு வந்துருவோம்" என்று பெரியம்மா சொல்ல, செங்கோட்டை வழியாகக் கிளம்பினோம். கழற்றிய லிங்க் நட்டுகள் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தன. அதைப் பற்றி யாருக்கும் நினைவே இல்லை.

புளியரை வளைவு

செங்கோட்டையிலிருந்து கேரளா போகிற சாலை, கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744. புளியரை தாண்டியதும் மலை ஏற்றம் தொடங்கும். அங்கே இருப்பதுதான் பிரபலமான 'எஸ் வளைவு'. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், கீழே செங்கோட்டை - புனலூர் ரயில் பாதை. எதிரிலும் பின்னாலும் டாரஸ் லாரிகள் வந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு நல்ல தூறல். அண்ணன் எப்போதும் போகிற வேகத்தில்தான் முதல் வளைவில் திருப்பினார். வண்டி எப்போதும் போல் திரும்பவில்லை. உடம்பு முழுக்க வெளிப்பக்கமாகச் சரிந்தது. எதிரே ஒரு டாரஸ் இறங்கி வர, அண்ணன் சட்டென்று ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்தார். உடனே வண்டி அந்தப் பக்கமாகச் சரிந்தது. பின்பக்கம் ஒரு கணம் வழுக்கியதுபோல் இருந்தது. பெரியம்மா மடியில் இருந்த புளியோதரைத் தூக்குச்சட்டி சீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிப்போய்க் கவிழ்ந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கோட்டைவாசலில் வண்டியை ஓரங்கட்டிய பிறகு, ஐந்து நிமிடத்துக்கு ஒருவரும் பேசவில்லை. பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தார். "என்னலே கழத்துன வண்டியில?"

அந்த வளைவில் எது நடந்தாலும் சின்ன விஷயமாக இருக்காது. 2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி அங்கே கட்டுப்பாட்டை இழந்து, கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு எழுந்த, அருகில் குடியிருந்த முதிய தம்பதி, டார்ச் லைட்டைக் காட்டியபடி தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவர்களைப் பாராட்டி 5 லட்ச ரூபாய் வழங்கினார். அந்த விபத்துக்கும் இந்தக் கம்பிக்கும் சம்பந்தம் இல்லை. நாங்கள் எந்த இடத்தில் விளையாடிவிட்டு வந்தோம் என்பதைச் சொல்வதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தென்மலையை விட்டுவிட்டு, 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் திரும்பி, தென்காசியில் பெரியப்பா காலத்திலிருந்து போய்வரும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டோம். அங்கே அண்ணாச்சி வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு அண்ணனைக் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நீங்க பாத்த வீடியோல இருந்தது என்ன வண்டி?"

'ப' வடிவக் கம்பி

அண்ணாச்சி விளக்கியதையும், நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஸ்வே பார், ஆன்டி ரோல் பார், ஸ்டெபிலைசர் பார் எல்லாம் ஒன்றுதான். நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் 'ஸ்டெபிலைசர் ராடு' என்பார்கள். 'ப' எழுத்து போல வளைந்த ஸ்பிரிங் இரும்புக் கம்பி அது. நடுப்பகுதி வண்டியின் சேஸில் ரப்பர் புஷ் வைத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு முனைகளும் 'லிங்க் ராடு' எனும் சின்ன இணைப்புகள் மூலம் இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேர்ந்திருக்கும். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால், கம்பி சும்மா புஷ்ஷுக்குள் சுழலும். அதற்கு வேலையே இல்லை. ஆனால், வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது, வெளிச்சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்கும், உள்சக்கரத்தின் ஸ்பிரிங் விரியும். அப்போது கம்பியின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் போகப் பார்க்கும். ஈரத் துணியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவதுபோல கம்பி முறுக்கப்படும். இரும்பு அதை எதிர்த்துத் தன் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்குமல்லவா... அந்த எதிர்ப்புதான் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது. இந்த எதிர்ப்புக் கம்பியின் கனத்தைப் பொறுத்து வேகமாகக் கூடும். கம்பியின் விட்டத்தை 10 சதவிகிதம் கூட்டினால், முறுக்கை எதிர்க்கும் திறன் சுமார் 46 சதவிகிதம் கூடிவிடும். அதனால்தான் விரல் கனம் உள்ள கம்பி ஒன்றரை டன் வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறது.

இதே குணம்தான் ஓடையில் எதிரி. அங்கே ஒரு சக்கரம் கல்மேல் ஏற வேண்டும், மற்றது பள்ளத்தில் இறங்க வேண்டும். கம்பியோ, 'நான் மேலே போகிறேன், நீயும் வா' என்று மறுசக்கரத்தையும் தூக்கும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. டிஃபரன்ஷியலின் குணம், எது சுலபமாகச் சுற்றுகிறதோ அதைச் சுற்றவிடுவது. விளைவு, தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா நிற்கும். லிங்க்கைக் கழற்றிவிட்டால் இரண்டு சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் போகும். நான்கு டயரும் தரையில் இருக்கும். தாண்டிவிடலாம்.

ஆக, வீடியோவில் சொன்னது உண்மை. ஆனால், அது யாருடைய வண்டிக்கான உண்மை என்பதைத்தான் அண்ணாச்சி கேட்டார்.

ரூபிக்கான் வேறு, தார் வேறு

அண்ணன் பார்த்த வீடியோக்களில் பெரும்பாலும் இருந்தது ஜீப் ரேங்லர். அதன் முன்பக்கம் ஒரே துண்டான ஆக்ஸில், அதாவது 'சாலிட் ஆக்ஸில்'. அந்த அமைப்பில் கம்பியைக் கழற்றினால் ஆக்ஸில் முழுதாக ஊஞ்சல் பலகை போலச் சாய முடியும். கிடைக்கிற பலன் அதிகம். 2020 அக்டோபரில் வந்த புதிய தாரின் முன்பக்கம் 'இண்டிபெண்டென்ட்' சஸ்பென்ஷன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி கைகள், அவை நகரக்கூடிய எல்லை முன்பே தீர்மானிக்கப்பட்டது. பின்பக்கம்தான் சாலிட் ஆக்ஸில். இரண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் பார் உண்டு. முன்னால் கழற்றினால் கொஞ்சம் பலன் இருக்கும், வீடியோவில் காட்டிய அளவுக்கு இருக்காது.

இன்னொரு விஷயத்தை அண்ணாச்சி சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முன்பக்கக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, பின்பக்கக் கம்பியை அப்படியே விட்டால், வளைவில் சாயும் பாரத்தைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு பின்சக்கரங்களுக்குப் போய்விடும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகும் வாய்ப்பு கூடும். அன்றைக்குப் புளியரையில் ஒரு கணம் நாங்கள் உணர்ந்தது அதன் தொடக்கமாக இருக்கலாம். "அதான் இ.எஸ்.பி. இருக்கே அண்ணாச்சி" என்றார் அண்ணன். "அது பிரேக்கைப் போட்டு வழுக்குறதைச் சமாளிக்கும் தம்பி. சாயுற வண்டியை நிமுத்தாது."

தயாரிப்பு நிறுவனங்களுக்கு இந்த மறதி நன்றாகத் தெரியும். ரேங்லரின் ரூபிக்கான் மாடலில் முன்பக்க ஸ்வே பாரைக் கழற்ற அடியில் படுக்கவே வேண்டாம், டேஷ்போர்டில் ஒரு பட்டன் இருக்கிறது. ஆனால், வண்டி ஃபோர் வீல் டிரைவில் இருந்தால்தான் அது வேலை செய்யும். வேகம் மணிக்கு 29 கி.மீ-ஐத் தாண்டினால் தானாகவே கம்பி மறுபடி இணைந்துகொள்ளும். இந்தியாவில் புனே அருகே ரஞ்சன்கானில் 2021 முதல் ரேங்லரை அசெம்பிள் செய்கிறார்கள். அமெரிக்காவின் டாட்ஜ் பவர் வேகன் டிரக்கில் 2005-லேயே இப்படியொரு பட்டன் வந்துவிட்டது. டொயோட்டா வேறு வழியில் போனது. ஆஸ்திரேலியாவில் பிறந்த 'கே.டி.எஸ்.எஸ்.' என்ற நுட்பத்தில், முன் பின் கம்பிகளை எண்ணெய் அழுத்தத்தால் இணைத்து, கரடுமுரடான இடத்தில் தானாகத் தளர்ந்து, சாலையில் தானாக இறுகும்படி செய்தது. இந்த நுட்பங்களில் எல்லாம் கழற்றுவதைவிட, மறுபடி மாட்டுவதை மனிதன் கையில் விடாமல் இருப்பதுதான் எனக்குக் கவனிக்க வேண்டிய விஷயமாகப் பட்டது. ஸ்பேனரோடு அடியில் படுக்கும் நமக்கு அந்த வசதி இல்லை.

கொழுக்குமலைக்காரர்கள் எதைக் கழற்றுகிறார்கள்?

"அப்படீன்னா எஸ்டேட் ஜீப்பெல்லாம் எப்படிப் போகுது?" என்று அண்ணன் விடாமல் கேட்டார். நல்ல கேள்வி. தேனி மாவட்டக் கொழுக்குமலைக்குக் கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும், எலும்பைக் கழற்றி மாட்டும் பாதை அது. அங்கே வரிசையில் நிற்பவற்றில் நிறைய பழைய மஹிந்திரா ஜீப்கள். முன்னும் பின்னும் ஸ்பிரிங் பிளேட். அந்தத் தலைமுறை பிளேட் ஜீப்களில் பெரும்பாலும் ஸ்வே பாரே கிடையாது. அகலமாக இறுக்கிக் கட்டிய பிளேட்டுகளே சாய்வை ஓரளவு தடுத்துவிடும். கழற்ற ஒன்றுமில்லாத வண்டியை, நடை வேகத்தில், எந்தக் கல்லில் எந்த டயரை வைக்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்த டிரைவர்கள் ஓட்டுகிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

மேக்கரை ஓடைக்கும் அது போதுமாக இருந்திருக்கும். கற்களுக்கு நடுவே போகாமல், பெரிய கல்மேல் டயரை ஏற்றிப் போகிற வரியைத் தேர்ந்தெடுப்பது. ஃபோர் வீல் 'லோ' கியரில் போடுவது. டயர் காற்றை 8 - 10 பி.எஸ்.ஐ. குறைப்பது (தோப்பை விட்டு வெளியே வந்ததும் திரும்ப அடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் வேண்டும்). முடிந்தால் ஒருவர் கீழே இறங்கி முன்னால் நின்று கைகாட்டுவது. இத்தனையும் செய்து பார்த்த பிறகும் சக்கரம் தூக்கினால், அப்போது கம்பியைப் பற்றி யோசிக்கலாம் என்பது அண்ணாச்சி கட்சி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அண்ணன் இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை.

கழற்றியே ஆக வேண்டும் என்றால்...

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். சரிவில் நின்றால் கம்பி முறுக்கிலேயே இருக்கும். போல்ட்டைக் கழற்றும்போது கம்பி துள்ளி கையை அடிக்கும், திரும்ப மாட்டும்போது துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. லிங்க்கின் பால் ஜாயின்ட் நட்டோடு சேர்ந்து சுற்றும், அதை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருக வேண்டும். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினாலே கம்பி வேலை செய்யாது என்பது உண்மைதான். ஆனால், தொங்குகிற முனை டயரிலோ பிரேக் ஹோஸிலோ போய் உரசும். கழற்றிய கம்பியை மேலே தூக்கி, எதிலும் படாதபடி இறுக்கிக் கட்ட வேண்டும்.

பலரும் கவனிக்காதது பிரேக் ஹோஸ். கம்பி இல்லாத சக்கரம் வழக்கத்தைவிடக் கீழே தொங்கும். பிரேக் ஹோஸும், ஏ.பி.எஸ். ஒயரும் அந்த நீளத்துக்குப் போதுமா என்று முதலில் பார்க்க வேண்டும். பாறையில் ஜெயித்துவிட்டு, பிரேக் ஹோஸ் அறுந்த வண்டியில் மலை இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

கம்பி இல்லாமல் பக்கவாட்டுச் சரிவில் போகவே கூடாது. அங்கே சாய்வைத் தடுக்க இருந்த ஒரே ஆளை நாமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். மாட்டும்போது பழைய லாக் நட்டைப் போடாமல் புதியது போட்டு, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொல்லியிருக்கும் இறுக்கத்துக்கு டார்க் ரென்ச்சால் முடுக்க வேண்டும். 'குயிக் டிஸ்கனெக்ட்' லிங்க்குகள் என்று பின்னை இழுத்தால் கழலும் வகையும் விற்கிறார்கள். உங்கள் மாடலுக்கென்றே செய்ததா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கம்பியை ஒரேயடியாகக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பு நிறுவனத்தின் விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு கொண்டுவந்த திருத்தத்தின்படி, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் அடியில் குனிந்து பார்ப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் 'ஆஃப் ரோடு எங்கே போகலாம்?' என்று கேட்பதாலும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலை வனத்துறைக்குச் சொந்தம். செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் வண்டிப் பாதையே கிடையாது. கடையநல்லூர், புளியங்குடிப் பக்கத்து மலைகள் 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் வருகின்றன, அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். ஆற்றுக்குள் வண்டியை இறக்கி ரீல்ஸ் எடுப்பதும் வேண்டாம். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீர் வெள்ளம் ஒரு 17 வயதுப் பையனைக் கொண்டுபோனது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. மிச்சம் இருப்பது சொந்தத் தோப்பு, தெரிந்தவர் பட்டா நிலம். அதில் ஒரு ஓடை, இரண்டு மேடு!

கழற்றாமலேயே கழன்றிருக்கலாம்

'எங்களிடம் ஜீப்பே இல்லை' என்பவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்விஃப்ட்டோ இன்னோவாவோ, நாம் ஓட்டும் பெரும்பாலான கார்களில் இதே கம்பி, இதே லிங்க் ராடு உண்டு. நம் சாலைகளின் பள்ளங்களில் சீக்கிரம் தேய்கிற உருப்படிகளில் லிங்க் ராடும் ஒன்று. மெதுவாக ஸ்பீடு பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் ஏறும்போது முன்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதையும், கம்பியின் ரப்பர் புஷ்ஷையும்தான். பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துச் சமாளித்துவிடுவோம். லிங்க் முழுதாக உடைந்துபோனால், அண்ணன் ஸ்பேனர் வைத்துச் செய்த வேலையை வண்டி தானாகவே செய்துகொண்டிருக்கும், நமக்குத் தெரியாமலேயே. சாரலுக்கோ சபரிமலைக்கோ குடும்பத்தோடு கிளம்பும் முன், ஒர்க்‌ஷாப்பில் டயர் காற்று பார்க்கும்போதே "லிங்க் ராடு, புஷ் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினால் கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அண்ணாச்சி புது நட்டுகள் போட்டு மாட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காசு வாங்கிக்கொண்டு, பட்டறையில் கை துடைக்கிற சிவப்புத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"இனிமே லிங்க்கைக் கழத்துனா, இதை ஸ்டீயரிங்ல கட்டிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கணும். திரும்ப மாட்டுன பெறகுதான் அவுக்கணும். சரியா தம்பி?"

அண்ணன் தலையாட்டினார். பின் சீட்டில் புளியோதரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, "அந்தத் துணிய எங்கிட்ட குடு" என்று வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.